நாற்பத்தேழு வீடுகளில் ஒரு கோடுகூட இல்லை

எனக்குக் கோபம் வந்தால் முதல் வேலையாகக் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிடுவேன். தையல்காரி அதைக் கையில் வைத்துக்கொண்டு கோபப்பட்டால் யாருடைய ரவிக்கையோ பாழாகும். அந்த டிசம்பரில் என் கத்தரிக்கோல் கையில் இருந்ததைவிட மேசையில் கிடந்ததுதான் அதிகம். ஆரி எம்பிராய்டரி வேலைக்குப் போய்த் திரும்பிய கல்யாண ரவிக்கைகள் ஏழெட்டு அப்படியே கிடக்கின்றன. நானோ ஒரு டிவி பாட்டை நினைத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். சொன்னால் சிரிப்பீர்கள். சிரித்துக்கொள்ளுங்கள்.

காஞ்சிபுரத்திலிருந்து ஏனாத்தூர் போகிற வழியில் எங்கள் சர்ச் இருக்கிறது. இருநூறு பேர் நெருக்கி உட்காரலாம். டிசம்பர் பிறந்தால் பாடகர் குழு சாயங்காலம் ஆறு மணிக்குக் கிளம்பி வீடு வீடாகக் கேரல் பாடப் போகும். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பாட்டை விரும்பிக் கேட்பார்கள். பாடுவோம். டீ வரும், முறுக்கு வரும், வசதியான வீடாக இருந்தால் கேக் வரும். எந்த வீட்டில் எந்தப் பாட்டைக் கேட்டார்கள் என்று ஒரு நோட்டில் கோடு போட்டுக்கொள்வோம். இருபத்துமூன்றாம் தேதி எண்ணிப் பார்த்து எந்தப் பாட்டுக்குக் கோடு அதிகமோ, அதுதான் கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனையின் முதல் பாட்டு. சபை மொத்தமும் எழுந்து நின்று பாடும். அதற்குப் பிறகு வருவதெல்லாம் அச்சடித்த முறைப்படி நடக்கும். அதில் போதகரைத் தவிர யாரும் கை வைக்க முடியாது. அந்த ஒரே ஒரு இடம்தான் காலி.

இந்த நோட்டு ஏற்பாடு யாருடையது என்றா கேட்கிறீர்கள்? என்னுடையதுதான். ஒரு வருடம் முதல் பாட்டு எது என்று இரண்டு குடும்பங்கள் சர்ச் வாசலிலேயே சட்டையைப் பிடித்துக்கொண்டன. அப்போது நான்தான் பெரிய நியாயஸ்தி மாதிரி எழுந்து நின்று, "வீட்டுங்கள்ல கேக்கறதை எண்ணிப் பாத்துடலாம்பா, சண்டையே வேணாம்" என்றேன். பாடகர் குழுவில் இருப்பவர்களின் வீட்டுக் கணக்கு சேராது என்றும் நான்தான் சொன்னேன். பாட்டை நாங்களாக எடுத்துவிடக் கூடாது, வீட்டுக்காரர் வாயால் கேட்க வேண்டும் என்றும் நான்தான் சொன்னேன். எனக்கு நானே ஆப்பு வைத்துக்கொண்டேன் என்பது அன்றைக்குத் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் ஏசி மெக்கானிக். பதினாறு வருடமாக ஞாயிற்றுக்கிழமை ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிறார். அடுத்தவர் பாட்டை வாசிப்பதோடு சரி, சொந்தமாக ஒரு மெட்டு போட்டதில்லை. அந்த அக்டோபரில் அவருக்கு தோஹா விசா வந்தது. இரண்டு வருட ஒப்பந்தம். டிசம்பர் இருபத்தேழாம் தேதி விமானம். விசா வந்த மறு வாரம் மனுஷன் ஒரு மெட்டை முனகிக்கொண்டே வேலையிலிருந்து வந்தார். கைகூடக் கழுவவில்லை. கீபோர்டில் உட்கார்ந்து அதை நாலு தடவை வாசித்தார். "இதுக்கு வார்த்தை எழுதிக் குடுமா" என்றார்.

நான் ரவிக்கைக்கு அளவு வெட்டுகிற பழுப்புக் காகிதத்தில் எழுதினேன். கவிதை எழுதுகிற ஆள் இல்லை நான். எங்களுக்குக் கல்யாணமான புதிதில் டவுனுக்குள் வாடகைக்கு வீடு தேடி மூன்று மாதம் அலைந்ததைத்தான் எழுதினேன். எல்லா வீட்டிலும் சிரித்த முகமாகத்தான் பேசுவார்கள். "நீங்க இன்னா ஆளுங்க?" என்று கேட்டுப் பதில் தெரிந்த மறு நிமிடம், "ஐயோ, இப்பதான்மா வீடு போச்சு" என்பார்கள். யோசேப்பும் மரியாளும் அப்படி வீடு வீடாகக் கேட்டுக்கொண்டு எங்கள் தெருவுக்கு வருகிறார்கள், எங்கள் தெரு ஜனங்கள் கூப்பிடுகிறார்கள். இவ்வளவுதான் பாட்டு. "எங்க வீட்டுக்கு வா சாமி, பாய் ஒண்ணு இருக்குது" என்று பல்லவி.

பாடிப் பார்த்த அன்றைக்கு அவர் கண் கலங்கிவிட்டது. அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "போறதுக்கு முன்னாடி ஒரு தபா நம்ம சர்ச் மொத்தமும் நின்னு இதைப் பாடணும்மா. நான் வாயே தொறக்கமாட்டேன். வாசிச்சிக்கினு, ஜனங்க வாயால கேட்டுக்கினு இருப்பேன். அது போதும் எனக்கு, ரெண்டு வருஷம் ஓட்டிடுவேன்."

பதினாறு வருடத்தில் தனக்கென்று ஒரு கிளாஸ் தண்ணீர்கூடக் கேட்காத மனுஷன் கேட்டது அது. போதகரிடம் போய்ச் சொன்னேன். அவர் நல்ல மனிதர். நவம்பர் கடைசி ஞாயிறு ஆராதனையில், "நம்ம கீபோர்டு சகோதரர் கிறிஸ்துமஸுக்காக ஒரு புதுப்பாட்டு செஞ்சிருக்கார், கேரல் பாட்டுப் பட்டியல்ல பத்தாவதா இருக்குது, கேரல் வரும்போது கேளுங்க" என்று அறிவித்தார். ஜனங்கள் கை தட்டினார்கள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

அதே வாரம்தான் அந்தப் பாட்டு வந்து இறங்கியது.

ஒரு டிவி பாட்டுப் போட்டியில் ஜெயித்த பெண் பாடியது. அவள் நன்றாகத்தான் பாடுகிறாள், பாவம், அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனால் பாட்டைக் கேளுங்கள்: எல்லோருக்கும் தெரிந்த பழைய மெட்டு ஒன்றை எடுத்து, அதற்கு அடியில் டம் டம் என்று அடியைப் போட்டு, நடுநடுவே ஒரு ஆள் "கமான்" என்று கத்துகிறான். அவன் யாரை எங்கே கூப்பிடுகிறான் என்று இன்றுவரை எனக்குப் புரியவில்லை. பட்டுப்புடவைக் கடை வாசலில் அதுதான் ஓடுகிறது, ஷேர் ஆட்டோவில் அதுதான். என் கடைக்கு அளவு கொடுக்க வந்த பெண்ணின் போன் அடித்தால் அதிலும் "கமான்". உள்ளூர் கேபிளில் கிறிஸ்துமஸ் பாட்டுகளின் தரவரிசை என்று ஒன்று போடுவார்கள். தினமும் முதலிடம் அதுதான்.

எங்கள் இளைஞர் குழுத் தலைவன் ஏனாத்தூரில் கல்லூரி படிக்கிறான். நல்ல பிள்ளை, ஆனால் போனில் பார்ப்பதையெல்லாம் நம்புவான். "அக்கா, ட்ரெண்டிங்ல நம்பர் ஒன்னுக்கா. வீட்டுங்கள்ல கண்டிப்பா கேப்பாங்க" என்று சக்கரம் வைத்த ஒரு பெரிய ஸ்பீக்கரை இழுத்துக்கொண்டு வந்தான். அதில் நீல விளக்கு வேறு எரிகிறது. "டிராக் இருக்குதுக்கா. நாம கை தட்டினா போதும்."

"அப்போ நாம எதுக்குடா போறோம்? ஸ்பீக்கரை மட்டும் அனுப்பிடலாமே" என்றேன்.

"கோச்சிக்காதக்கா" என்று சிரித்தான்.

"நம்ம பாட்டு ப்ராக்டீஸ் பண்ணீங்களா?"

"யாராச்சும் கேட்டா பண்ணிக்கலாம்க்கா."

முதல் நாள் ஐந்து வீடு போனோம். ஐந்திலும் அதே பாட்டு. நாங்கள் வாசலுக்குப் போவதற்கு முன்பே ஸ்பீக்கர் நீலமாக மின்னிக்கொண்டு உள்ளே போய்விடும். வீட்டுக்காரர்கள் அதைப் பார்ப்பார்கள், பிள்ளைகளைப் பார்ப்பார்கள், "அதான்பா, டிவி பாட்டு, அதையே பாடுங்க" என்பார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் போட்டவன் குதிக்க ஆரம்பிப்பான். நான் நோட்டில் கோடு போடுவேன். போடும்போது பேனா காகிதத்தைக் கிழித்துக்கொண்டு போகும்.

பத்து வீடு, இருபது வீடு, முப்பது வீடு. பத்தாவது பாட்டுக்கு நேராக ஒரு கோடுகூட இல்லை. என் நாத்தனார் வீட்டில் இல்லை. எனக்கு உயிர்த்தோழி மாதிரி பழகுகிற நர்ஸ் அக்கா வீட்டில் இல்லை. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் இட்லிக் கடை வைத்திருக்கும் அக்கா, தினமும் காலையில் என் கையைப் பிடித்து "உன் வூட்டுக்காரு போறாராமேம்மா" என்று அழுகிறவள், அவள் வீட்டிலும் டிவி பாட்டுதான். அவள் கொடுத்த டீயை வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். "இன்னாமா, உடம்பு சரியில்லையா?" என்றாள். "அதெல்லாம் நல்லாத்தான் இருக்குது" என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டேன்.

பக்கத்துத் தெருவில் ஒரு நெசவாளர் வீடு. சிவன் கோயில் குடும்பம், ஆனாலும் வருடா வருடம் எங்களைக் கூப்பிட்டுத் தறிக்குப் பக்கத்தில் நிற்க வைத்துப் பாட்டு கேட்பார்கள். அந்தப் பெரியவர் என் வீட்டுக்காரரைப் பார்த்து, "புதுசா ஒண்ணு கட்டியிருக்கீங்களாமே" என்றார். எனக்கு உயிர் வந்தது. பேனாவை எடுத்தேன். அவரோ கையை ஆட்டி, "அது இருக்கட்டும், அது இருக்கட்டும். இப்ப எதுக்கு? வேற ஏதாச்சும் பாடுங்க" என்றார். பார், எவ்வளவு நாசூக்காக ஒதுக்குகிறார் என்று நினைத்தேன். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரரிடம் பொரிந்து தள்ளினேன். அவர், "வுடுமா, அவரு நல்ல மாதிரியாத்தான் சொன்னாரு" என்றார். அவருக்கு எல்லோரும் நல்ல மாதிரிதான். தலையில் அடித்துக்கொண்டேன்.

ஒரு வீட்டிலாவது நான் வாயைத் திறந்து "ஏன்பா எங்க பாட்டைக் கேக்கலை?" என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. என் வாய் ஊர் முழுக்கப் பிரசித்தம். தைத்ததற்குக் கூலி குறைத்துப் பேசினால் பட்டுப்புடவை கட்டிய பெரிய இடத்து அம்மாவைக்கூட வாசலில் நிறுத்திக் கேட்பேன். இதைக் கேட்க மட்டும் ரோஷம் தடுத்தது. நம் பாட்டை நாமே பிச்சை கேட்பதா? அவர்களாகக் கேட்க வேண்டும் இல்லையா? இப்படியே பதினெட்டு நாள் உம்மென்று திரிந்தேன்.

இருபத்துமூன்றாம் தேதி சாயங்காலம் எண்ணினோம். நாற்பத்தேழு வீடு. டிவி பாட்டுக்கு முப்பத்துநாலு கோடு. மிச்சம் பழைய பாட்டுகளுக்கு. எங்களுடையதற்குச் சுத்தமாக ஒன்றுமில்லை. இளைஞர் குழுத் தலைவன்கூடச் சங்கடப்பட்டுத் தலையைச் சொறிந்தான். போதகர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "காணிக்கை எடுக்கறப்போ உங்க பாட்டைப் பாடலாமே, சகோதரி. பத்து நிமிஷம் இருக்குது."

"பை சுத்திக்கினு வர்றப்போவா? சில்லறை விழுற சத்தத்துல எங்க பாட்டு வேணாங்க ஐயா. கோடு இல்லாத பாட்டு பாட வேணாம். ரூல்னா ரூல்தான்."

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். காணிக்கை நேரமானாலும் பரவாயில்லை என்று அந்தப் பார்வையிலேயே எழுதி ஒட்டியிருந்தது. எனக்குத் தெரிந்தது. தெரிந்தும் நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டேன். மானம் பெரிதாக இருந்தது எனக்கு.

கிறிஸ்துமஸ் அன்று நாலரை மணி ஆராதனை. சர்ச் நிரம்பிப் படிக்கட்டு வரைக்கும் ஜனம். எல்லோரும் புதுத்துணி. நீல விளக்கு ஸ்பீக்கரைப் பீடத்துக்குப் பக்கத்திலேயே கொண்டுபோய் வைத்துவிட்டார்கள். டம் டம் என்று ஆரம்பித்தது. சபை எழுந்து நின்றது, கை தட்டியது, "கமான்" வந்த இடத்தில் சின்னப் பிள்ளைகள் சேர்ந்து கத்தின. என் வீட்டுக்காரர் அந்த டிராக்கோடு சேர்ந்து கீபோர்டு வாசித்தார். வேண்டாவெறுப்பாக வாசித்தாரா? அதுதான் இல்லை. ஒரு சுரம் பிசகாமல், சிரித்த முகமாக வாசித்தார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

ஆராதனை முடிந்து வெளியே வந்தால் விடிந்திருந்தது. எல்லோரும் கை குலுக்கிக்கொண்டிருந்தார்கள். இட்லிக் கடை அக்கா கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்து என் தோளைப் பிடித்தாள். முகமெல்லாம் குழப்பம்.

"இன்னாமா, உங்க பாட்டு எங்கே? கடையைப் பூட்டிட்டு அதுக்குத்தானே நாலு மணிக்கே வந்து முன்னாடி உக்காந்தேன்!"

எனக்கு வந்ததே கோபம். "எங்க பாட்டா? உங்க வூட்ல கேட்டீங்களா? கோடு போட்டாத்தானே பாட முடியும்? டிவி பாட்டு கேட்டீங்க இல்ல, அதைத்தான் பாடினோம்!"

அவள் வாயில் கை வைத்துவிட்டாள். "அடிப்பாவி! புதுப்பாட்டுமா அது! கிறிஸ்துமஸுக்குன்னு செஞ்சதுன்னு ஐயா சொன்னாரே! கிறிஸ்துமஸுக்கு எடுத்த துணியை யாராச்சும் முன்னாடியே பிரிச்சுக் கட்டுவாங்களா? இன்னிக்குக் காலையில எப்படியும் பாடுவீங்கன்னுதானே அன்னிக்கு வேற ஒண்ணைக் கேட்டோம்? பசங்க வேற ஸ்பீக்கர்லாம் தூக்கிக்கினு வந்து ஆசையா நிக்குதுங்க."

பக்கத்தில் நின்ற நர்ஸ் அக்கா, "நானும் அதான் நெனச்சேன்" என்றாள். என் நாத்தனார், "நாங்க பிள்ளைங்ககிட்டகூடச் சொல்லி வெச்சோம், மாமா பாட்டைக் கிறிஸ்துமஸ் அன்னிக்குத்தான் கேக்கணும்னு" என்றாள். பின்னால் இன்னும் நாலு பேர் ஆமாம் என்றார்கள். ஊரே சேர்ந்து அந்தப் பாட்டைப் பெட்டிக்குள் பத்திரமாக மடித்து வைத்திருக்கிறது. நெசவாளர் வீட்டுப் பெரியவர் கையை ஆட்டியது ஏனென்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. முகூர்த்தப் புடவையை முகூர்த்தத்துக்கு முன்னால் பிரிக்காத ஊர் இது. இந்த ஊரிலேயே பிறந்து, நாள் தவறாமல் கல்யாண ரவிக்கை தைக்கிற எனக்கு இது தெரியவில்லை. என்னைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

"அதனால இன்னா இப்போ? இங்கயே பாடச் சொல்லு" என்றாள் இட்லிக் கடை அக்கா. அதற்குள் சர்ச் உள்ளே எட்டு மணி ஆராதனைக்குப் பெருக்க ஆரம்பித்துவிட்டார்கள். பாடகர் குழுப் பிள்ளைகள் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு எப்போதோ பிரியாணி சாப்பிடப் போய்விட்டார்கள். இருந்திருந்தாலும் அவர்களுக்கு அந்தப் பாட்டு தெரியாது. நான் ஓடிப்போய் வீட்டுக்காரரை இழுத்துக்கொண்டு வந்து வேப்பமரத்தடியில் நிறுத்தினேன். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. கீபோர்டு உறைக்குள் போய்விட்டது. பரவாயில்லை என்று தொண்டையைச் செருமிக்கொண்டு, "நான் ஒரு வரி சொல்றேன், நீங்க சேர்ந்துக்கோங்க" என்றார். பாட ஆரம்பித்தார்.

நூறு பேராவது நின்றிருப்பார்கள். எல்லோருக்கும் பிரியம்தான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகம் இல்லை. ஆனால் ஒருவருக்கும் பாட்டு தெரியாது. ஒரு வீட்டில்கூடப் பாடாத பாட்டு எப்படித் தெரியும்? பல்லவியை ஒரு முறை பாடிவிட்டு, வாங்க என்று இரண்டு கையையும் நீட்டினார். ஜனங்கள் சிரித்தார்கள், தலையாட்டினார்கள், போனை எடுத்துப் படம் பிடித்தார்கள். இரண்டாவது முறை பாடி மறுபடியும் கையை நீட்டினார். இன்னும் நாலு போன் மேலே ஏறியது. எனக்குப் பொறுக்கவில்லை. கூட்டத்துக்குள் புகுந்து, "போனைக் கீழ வைங்க! பாடுங்க! வேடிக்கை பாக்கறதுக்கா நிக்க வெச்சோம்?" என்று ஒவ்வொருவரையாகப் பிடித்து உலுக்கினேன். "நல்லாப் பாடறாரு, கொஞ்சம் கேக்க வுடேன்மா" என்று என்னையே அதட்டினார்கள். அவர் மூன்று சரணத்தையும் தனியாகவே பாடி முடித்தார். கை தட்டல் பிரமாதம்.

"இன்னா குரல்பா! டிவி போட்டிக்குப் போயிருக்கணும் நீங்க" என்று ஒருத்தர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "அடுத்த வருஷம் கட்டாயம் கேக்கறோம்" என்றார் இன்னொருத்தர். அடுத்த கிறிஸ்துமஸுக்கு அவர் இங்கே இருக்கமாட்டார் என்பது அந்த மனிதருக்கு அந்த நேரம் நினைவில்லை. என் வீட்டுக்காரர் எல்லோருக்கும் நன்றி சொன்னார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை.

வண்டியில் வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் நான் திட்டிக்கொண்டே வந்தேன். டிவியை, ஸ்பீக்கரை, போதகரை, புதுத்துணியை, போனைத் தூக்கிப் பிடித்த ஒவ்வொருவரையும் பேர் சொல்லித் திட்டினேன். "நூறு பேரு நின்னாங்க, ஒருத்தர்கூடச் சேர்ந்து பாடலையே, ஒருத்தர்!" என்று முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து கத்தினேன்.

ரயில்வே கேட் மூடியிருந்தது. வண்டியை நிறுத்தி, திரும்பாமலே சொன்னார்.

"உனக்குத் தெரியுமேம்மா பாட்டு. நீயாச்சும் கூடப் பாடியிருக்கலாமே."